வேலிக் காட்டாமணக்கும் கிளிசரின் கணக்கும்

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற கதையை வில்கமுவயில் இப்பவும் பேசுறாங்க. எங்கட பேட்ச் நண்பன் வீட்டு வேலியில் காட்டாமணக்கு நிற்கிறது. "இதில டீசல் எடுக்கலாம் என்றாங்களே, ஏன் ஒருத்தரும் எடுக்கல?" என்று அவனுடைய அப்பா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வந்து தேடினோம்.

எண்ணெயோடு மெதனோலும் கொஞ்சம் கோஸ்டிக் சோடாவும் சேர்த்தால் பயோடீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் படியும். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ. இன்று அதை உபபொருள் என்கிறோம். ஆனால் 1940களில் அமெரிக்கக் கம்பனிகள் இதே முறைக்குக் காப்புரிமை எடுத்தது கிளிசரினுக்காகத்தான். யுத்தத்துக்கு வெடிமருந்து செய்ய அது தேவைப்பட்டது. அப்போது மேலே நின்றதுதான் உபபொருள்!

2000களில் கதை தலைகீழானது. ஐரோப்பாவில் பயோடீசல் பெருகப் பெருக, கிளிசரின் தேங்கி விலை விழுந்தது. 2006இல் டவ் நிறுவனம் டெக்சஸில் இருந்த தன் செயற்கைக் கிளிசரின் ஆலையையே மூடியது. அந்த மலிவைச் சிலர் வாய்ப்பாக்கினார்கள். சொல்வே நிறுவனம் கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்தது. பெயின்ட், பசை, காற்றாலை இறகு எல்லாவற்றுக்கும் போகிற எபொக்சி பிசினின் மூலப்பொருள் அது. முன்பு பெற்றோலியத்திலிருந்து வந்தது.

அப்படியானால் காட்டாமணக்கு ஏன் தோற்றது? 2009இல் இந்தியா, 2017க்குள் 20 வீதம் உயிரி எரிபொருள் கலக்க இலக்கு வைத்தது. டீசலுக்கு நம்பியது பெரும்பாலும் காட்டாமணக்கை. வறண்ட நிலத்தில் விளைச்சல் எதிர்பார்த்தபடி வரவில்லை. இன்னொரு அடியும் இருந்தது: தேங்காய்ப் புண்ணாக்கை மாடு தின்னும், காட்டாமணக்குப் புண்ணாக்கு நஞ்சு. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுவது விலை போகாவிட்டால், முழுச் செலவும் எண்ணெயின் தலையில்தான் விழும்.

கிளிசரினைச் சுத்திகரித்து விற்க ஆலை வேண்டும், ஒரு கிராமத்து வேலி அதற்குப் போதாது. அதனால் அப்பாவுக்கு எங்கட பதில் இதுதான்: நாளைக்கு யாராவது வந்து "இதை நடுங்க, டீசல் வரும்" என்றால், டீசலைப் பற்றிக் கேட்காதீங்க. புண்ணாக்கை யார் வாங்குவார், கிளிசரினை யார் வாங்குவார் என்று முதலில் கேளுங்க. அதற்குப் பதில் வரும்வரை காட்டாமணக்கு வேலியிலேயே நிற்கட்டும்.