நிரல்

கணினி வேலை செய்பவர்கள் இன்று ‘நிரல்’ என்று சொன்னால் புரோகிராமைச் சொல்கிறார்கள். சொல்லின் வயது மிகப் பெரியது. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. ‘நிரை’யும் அதன் உறவுதான். தொல்காப்பியம் ‘நிரல்நிறை’யைச் செய்யுளின் பொருள்கோள் முறைகளில் ஒன்றாக வைக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘செய்நிரல்’ என்பார்கள். செய்ய வேண்டியதன் வரிசை என்பதால் அது இன்னும் துல்லியமாகப் படுகிறது எனக்கு.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கும், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளும் ஒரு நிரல்தான். நிபந்தனைகள் முதலில்: கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு. பிறகு செயல்கள்: பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடு. பராந்தகச் சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் 30 முதல் 60 என்றிருந்த வயதை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று திருத்தினார்கள். பழையதை அழிக்கவில்லை. இரண்டும் எல்லார் கண்ணிலும் படும்படி கல்லில் நிற்கின்றன.

முத்து அண்ணாமலை தொடங்கிய ‘எழில்’ என்ற திறமூல நிரல்மொழியும் அப்படித் திறந்தே கிடக்கிறது. அதன் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அதில் நிபந்தனை முன்னே வரும், ‘ஆனால்’ பின்னே வரும். ‘ஆயின்’ என்ற பழம்பொருளில் அந்தச் சொல் அங்கே மறுபடி உழைப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது.