அரைப்பேருக்கு எந்தக் கோடு?

நாலு கோடு கீறி, அஞ்சாவதைக் குறுக்கால போட்டா ஒரு கட்டு. பாடசாலையில் தரவு சேகரிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். கேகாலைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில், லயத்து வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தபோது, எங்களுக்குப் பழைய கணக்குகள் ஞாபகம் வந்தன.

தோட்டத்தில் கணக்குக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. விடியப் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணினார்கள். செக்றோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். தொழிலாளி பட்ட கடனைத் 'துண்டு' என்ற தாளில் எழுதி, கடன் தீராமல் வேறு தோட்டம் போக விடாமல் வைத்திருந்தார்கள். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. 1911 குடிசன மதிப்பீடு எங்களை 'இந்தியத் தமிழர்' என்று தனி நிரலில் போட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேருக்குக் கணக்குப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் லயத்து ஆட்களிடம் கேட்டுப் போட்ட கணக்கில்லை அது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி இங்கேயே நின்ற குடும்பங்கள் எத்தனை!

ஆகவே பிள்ளைகளிடம் பழங்களையும் நிறங்களையும் எண்ணச் சொல்லவில்லை. 'ஒங்க வீட்டுல இந்த மாசம் எத்தன நாள் பால்வெட்டு நடந்துச்சு?' என்று கேட்டோம். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்று நிரல் கீறினோம்: வெட்டிய நாள், மழையால் நின்ற நாள், வேறு காரணத்தால் வேலையில்லாத நாள். ஒரு நாளுக்கு ஒரே கோடு. அன்றன்றைக்கே போட வேண்டும். மறந்துபோய்ப் பிறகு நினைத்துப் போடக்கூடாது. கடைசியில் எல்லாக் கோட்டையும் கூட்டினால் மாதத்தின் நாட்கள் வர வேண்டும்.

ஒரு பிள்ளை கேட்டாள்: "அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாளை எதுல போடுறது?"

நாங்கள் அதை யோசிக்கவேயில்லை. எங்களுடைய நிரலிலும் ஆள் விடுபட்டுத்தான் இருந்தது. அவளே நாலாவது நிரல் கீறினாள். தரவு சேகரிப்பில் எண்ணுவது பிந்திய வேலை. எதை எண்ணுவது, எந்தப் பெயரில் பிரிப்பது என்பதுதான் முதல் வேலை. நூறு வருஷமாக அந்த வேலையை எங்களுக்காக வேறு யாரோ செய்தார்கள்.

சம்பளம் வரும் நாளில் அந்தக் கொப்பியைச் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அம்மாவோடு சேர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.