தகரச் சீட்டும் தகுதிச் சீட்டும்

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு இரயிலில் செல்லும் மாணவர்கள் இடையிலே தட்டப்பாறை என்றொரு நிலையத்தைக் கண்டிருப்பார்கள். கண்டிருப்பார்கள் என்று சொன்னேனே ஒழிய, கவனித்திருப்பார்கள் என்று சொல்லத் துணிவில்லை. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இறங்குவோரும் ஏறுவோரும் சிலரே. ஆயினும் நெல்லைச் சீமையின் வரலாற்றில் அந்தச் சிற்றூருக்கு ஓர் இடம் உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை முதலில் நிறுத்திச் சோதித்த முகாம் அங்கேதான் இருந்தது.

பொருநை பாயும் நாட்டிலிருந்து மக்கள் ஏன் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அணைகளும் கால்வாய்களும் நிறைந்து இருபோகம் விளைந்த பூமி இது. ஆனால் கால்வாய் எட்டிய நிலம் ஒரு சிலரிடமே இருந்தது. அதில் உழைத்தவர் பலருக்குச் சொந்தமாக ஒரு செய் நிலமும் இல்லை. கால்வாய் எட்டாத நிலமோ மழையை நம்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சம் அந்த நம்பிக்கையையும் உலர்த்திவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: தூத்துக்குடிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டதும் அதே 1876-ஆம் ஆண்டில்தான். பசி விரட்டிய காலத்திலேயே பாதையும் வந்து சேர்ந்தது.

தொற்றுநோய் தங்கள் தீவுக்குள் நுழையாதிருக்க வேண்டும் என்பது இலங்கை அரசாங்கத்தின் கவலை. ஆதலின் கப்பலேறும் முன்னரே தொழிலாளர்களைச் சில நாட்கள் முகாமில் தங்கவைத்து, உடலைப் பரிசோதித்து, அம்மை குத்தி, துணிமணிகளை மருந்திட்டுத் தூய்மை செய்து அனுப்பினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இராமநாதபுரம் கடற்கரையிலிருந்த மண்டபம் முகாம் பெரிதாயிற்று. இந்திய மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது.

அந்த முகாம் வழியாகச் சென்று திரும்பிய பெரியவர் ஒருவர், நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் வாழ்ந்தார். சேற்று வயலில் பரம்படித்தால், தண்ணீர் ஒரு மூலையில் ஏறி மற்றொரு மூலையில் இறங்காமல் கண்ணாடிபோல் நிற்கும்படி மட்டம் செய்யும் கை அவருக்கு. எந்தக் கருவியும் இல்லை; காலுக்கடியில் சேறு சொல்வதை வைத்தே வேலை செய்வார். மண்டபத்தில் நடந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "நாக்கை நீட்டச் சொன்னான், கண்ணைப் பிதுக்கிப் பார்த்தான், முதுகைத் தட்டிப் பார்த்தான். ஒனக்கு என்னலே வேலை தெரியும்னு மட்டும் ஒருத்தனும் கேக்கலை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பொழுது எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட முதலாளிகள் தகரச் சீட்டு என்னும் முறையைப் புகுத்தினார்கள். சிறிய தகரத் தகட்டில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். புறப்படும் தொழிலாளி அதைக் கழுத்திலே கட்டிக்கொள்வான். எழுதப்படிக்கத் தெரியாதவனும் வழி தவறாமல் எந்தத் தோட்டத்துக்குரியவனோ அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர அது உதவிற்று என்பது உண்மை. கையில் காசில்லாமலே பயணம் செய்ய முடிந்ததும் உண்மை. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. பின்னர் அது கங்காணி வழியாகத் தொழிலாளியின் தலையில் கடனாக இறங்குவதும் வழக்கம். ஆனால் மாணவர்களே, அந்தத் தகட்டில் இருந்தது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவன் பெயர் இல்லை. ஊர் இல்லை. அவனுக்குத் தெரிந்த தொழில் இல்லை. தோட்டத்தின் எண் ஒன்றே இருந்தது. பொதிமூட்டையின்மேல் எழுதும் விலாசத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

தோட்டத்திற்குப் போனபின் வேறொரு தாள் காத்திருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளிகள் கங்காணியுடன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தார் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களைப் பெறுவர்; கடன் பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு மாறும். வேலை தேடும் ஒருவன் தன்னைப்பற்றிக் காட்டக்கூடிய ஒரே நற்சாட்சிப் பத்திரம், அவன் எவ்வளவு கடன்பட்டவன் என்பதே. இந்தக் கொடுமையை 1921-இல் இலங்கையில் சட்டம் செய்து ஒழித்தார்கள்.

இலங்கைக்குச் சென்றோர் கதை இது. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும், 1903 முதல் பீஜித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்க்குக் குடியேற்றச் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. அதிலே பெயரும், தகப்பன் பெயரும், வயதும், சாதியும், ஊரும், உயரமும், உடலில் உள்ள தழும்பும் மச்சமும் இருந்தன. இவன் உடலும் உள்ளமும் நோயற்றவை, வேலைக்குத் தகுதியானவன் என்று வைத்தியர் ஒப்பமிட்டார். தழும்பைக் குறித்தவர்கள் அந்தத் தழும்பு எந்தத் தொழிலிலே ஏற்பட்டது என்று கேட்டு எழுதவில்லை.

தகுதி பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. நெல்லைக்கு வடக்கே மானூர் என்னும் ஊரில் ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச்சபையிலே மன்றாடுவோர் இன்ன நூல்களைக் கற்றவராகவும் நல்லொழுக்கம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு முன்னரே எழுந்தது அது; நெல்லை மாணவர்கள் ஒருநாள் சென்று காணத்தக்கது. நூல் கற்றவர்க்குத் தேர்வு விதித்துக் கல்லிலே வெட்டினோம். ஏர் பிடித்தவனுக்கும், மடை திருத்தியவனுக்கும், கோரையைச் சீவிப் பட்டுப்போல் பாய் நெய்யும் பத்தமடைக் கைவினைஞருக்கும் அப்படி ஒரு தேர்வை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் கல்வி தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் வந்தது. சாட்சி, செய்த பொருளே. ஊருக்குள் அது போதும். கடலுக்கு அப்பால் யார் அறிவார்?

இந்தக் குறை சட்டத்திலும் புகுந்தது. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்ச்சிச் சட்டம் தொழிலாளர்களைப் பாதுகாக்க எழுந்த நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமைகளைக் கண்டு நாடு கொதித்ததன் பயன் அது. எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனையின்மேல் தொழிலாளர்களை அனுப்பலாம் என்பதை அரசு கட்டுப்படுத்த அது வழிசெய்தது. ஆனால் அதன் விளக்கப் பகுதியைப் படிக்கும் ஓர் ஆசிரியனுக்குப் புருவம் உயராமல் இராது. கைவினைஞர், கணக்கெழுதுவோர், கடைச் சிப்பந்தி, உணவு விடுதியிலும் தேநீர்க் கடையிலும் பணிசெய்வோர், வீட்டு வேலைக்காரர் ஆகியோர் செய்வது திறனுள்ள வேலை. விவசாயம் திறனற்ற வேலை! கொழும்பிலே கடையில் நிற்கப்போன நெல்லைப் பையன் திறனாளி. பரம்படித்து நீரை நிறுத்திய எங்கள் தெருப் பெரியவர் திறனற்றவர். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் கிள்ளும் பெண்ணின் விரலிலும், உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி இரப்பர்ப் பால் இறக்குபவனின் கத்தியிலும் திறன் இல்லை என்று சொல்லத் துணிந்த சட்டம் அது. எழுதியவர்கள் அந்தக் கத்தியை ஒருநாள் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

திறனற்ற வேலைக்கு மலேயா செல்வதை 1938-லும், இலங்கை செல்வதை 1939-லும் இந்திய அரசு தடைசெய்தது. பின்னர்ப் போர் வந்தது. இலங்கையிலே குடியுரிமைச் சிக்கல் வந்தது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அதே மண்டபம் முகாம் வழியாகத் திரும்பினர். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. ஏனையோர் சமவெளியில் வந்திறங்கியபோது, மூன்று தலைமுறை கற்ற தொழிலைச் சொல்லும் ஒரு வரித் தாளும் அவர்களிடம் இல்லை.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் கட்டடங்களும் எழுந்தன. நம் பகுதியிலிருந்தும் கொத்தனார்களும், தச்சர்களும், கம்பி கட்டுவோரும், பற்றவைப்போரும் புறப்பட்டார்கள். தமிழ்நாட்டு அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், பத்தாம் வகுப்புத் தேறாதவராயின், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். ஏமாற்றப்படக்கூடியவனைக் காக்கும் ஏற்பாடு இது. ஆயினும், நாற்பதாண்டுகள் பத்தாம் வகுப்போடு மல்லாடியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பத்தாம் வகுப்புத் தேர்வு ஒருவன் பாடம் படித்ததை அளக்கும். அவன் கை அறிந்ததை அளக்காது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கணக்கிலே தவறிப் பத்தாம் வகுப்போடு நின்றான். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் பயின்றான்; அந்தப் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலை வீட்டு வாயிலில் வந்து நின்றான். பத்தாம் வகுப்புத் தேறியவன் என்று பள்ளித் தாளிலே ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்றான். அப்படிக் கேட்கும்படி ஒரு தரகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் மறுத்தேன், கடிந்தும் பேசினேன். மறுத்தது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் பாதுகாவலர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று வரம்பு இருக்கிறது என்பனவற்றை அவனை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கே அன்று அவை சரியாகத் தெரியாது. அவன் கடன் வாங்கிப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்று காலம் திரும்பியிருக்கிறது. சவூதி அரேபியா 2021-இல் தொழில்திறன் சரிபார்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மின்பணி, குழாய்ப்பணி, பற்றவைப்பு, குளிர்சாதனப்பணி முதலிய தொழில்களுக்கு வருவோரை அவரவர் நாட்டிலேயே தேர்வு செய்ய ஏற்பாடு செய்தது. ஏட்டறிவுத் தேர்வும் உண்டு. கைவேலைத் தேர்வும் உண்டு. ஜப்பான் 2019 முதல் குறிப்பிட்ட திறனுடைய தொழிலாளர்க்குத் தனி அனுமதி வகுத்து, தொழிலிலும் ஜப்பானிய மொழியிலும் தேர்வு வைக்கிறது. நாக்கை நீட்டு என்பதோடு நில்லாமல், என்ன வேலை தெரியும், செய்து காட்டு என்று கேட்கிறார்கள். எங்கள் தெருப் பெரியவர் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

பற்றவைப்போர் 'சிக்ஸ் ஜி' என்று சொல்லும் தேர்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழாயை நாற்பத்தைந்து பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். பற்றவைப்பவன்தான் அதைச் சுற்றி, மேலும் கீழும் பக்கமும் உடலை வளைத்து, இணைப்பை முடிக்க வேண்டும். பின்பு அதை வளைத்தும் ஊடுகதிர்ப் படம் எடுத்தும் உள்ளே குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிபாரிசுக்கு அங்கே இடமில்லை. கணக்கிலே வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இடமில்லை.

இத்தேர்வுகளை முழு மனத்தோடு வரவேற்கிறேன் என்று சொல்ல ஆசை. ஆனால் தேர்வு நடத்தியே வாழ்நாளைக் கழித்தவனுக்குச் சில ஐயங்கள் உண்டு. கையால் செய்யத் தெரிந்தவனைக் கணிப்பொறித் திரையில் அறியாத மொழியில் கேள்வி கேட்டுத் தவறவைத்தால், பத்தாம் வகுப்பின் குறையே மற்றோர் உருவில் வந்ததாகும். கட்டணமும், தேர்வூருக்குச் செல்லும் செலவும், விட்ட நாட்களின் கூலியும் அவன் தலையிலேயே விழுந்தால் பழைய 'துண்டு' நினைவுக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சான்றிதழ் யாருடையது? அவன் பெயர் பொறித்து, அவன் கையிலிருந்து, முதலாளி மாறினாலும் நாடு மாறினாலும் ஊருக்கே திரும்பினாலும் மதிப்புக் குறையாதிருந்தால் அது தகுதிச் சீட்டு. ஒரே நாட்டின் வாயிலைத் திறப்பதற்கு மட்டும் பயன்பட்டு, அதற்கப்பால் செல்லாக் காசாகுமாயின், தகரத்துக்குப் பதிலாகத் தாளிலே அச்சிட்டிருக்கிறோம் என்பதைத் தவிர வேறென்ன?

கணக்கில் தவறிய அந்த மாணவன் இரண்டு முறை வெளிநாடு சென்று மீண்டான். மூன்றாம் முறை போகுமுன் திறன் தேர்வு எழுதி, தேறி, சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். இம்முறை அவன் கேட்குமுன்பே உட்காரச் சொன்னேன். "பாஸ்போர்ட்டுல உள்ளபடியே பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, சார். ஒரு எழுத்து மாறுனாலும் அங்க விடமாட்டான்" என்றான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அவன் கொண்டுவந்திருந்த பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதிலேதான் அவன் தகப்பனார் பெயரில் ஓரெழுத்துத் தவறியிருந்தது. கீழே இருந்தது என் கையொப்பம்.