திருச்சபை வரலாறும் நம் பாடநூலும்

திருச்சபை வரலாறு கிறிஸ்தவர்க்கே உரியது என்று ஒதுக்குவாருளர். ஆனால், கேமரன் மலைத் தோட்டப் பள்ளியில் தொழிலாளியின் மகள் அச்சிட்ட தமிழ் நூலைப் படிப்பதற்கும் அவ்வரலாற்றிற்கும் தொடர்புண்டு.

திண்ணைப் பள்ளி நமக்குப் பழையது. எல்லார்க்கும் கல்வி என்பதே புதிது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்ட்டின் லூதர், எளியோரும் தாய்மொழியில் வேதம் படித்தல் வேண்டும் என்றார். அதற்குப் பள்ளியும் நூலும் தேவையாயின. அவர் கொள்கைவழி வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி சேர்ந்து தமிழ் கற்றார். மறு ஆண்டே பெண்களுக்கும் பள்ளி தொடங்கினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

சமயம் பரப்புதலே அவர் நோக்கம். ஆயினும், எழுத்தறிவும் அச்சும் அந்நோக்கத்துள் அடங்கி நிற்கவில்லை. சைவ மடத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையர், சமண காவியமான சீவக சிந்தாமணியை 1887இல் உலகிற்கு அளித்ததும் அச்சின் துணையால் அன்றோ? விதைத்தவர் கருத்து வேறு. விளைந்த பயன் வேறு. இவ்வுண்மையை உணர்த்துவதால் திருச்சபை வரலாறு எச்சமயத்தார்க்கும் பாடமாகும்.