சென் கிளயர்: பகலில் மட்டும் விழும் அருவி



பெருநாள் லீவு வந்தால் நம்மவர்கள் வேன் பிடித்துப் போவது நுவரெலியாவுக்குத்தான். ஹட்டனைத் தாண்டி, தலவாக்கலைக்குக் கிட்ட இறங்கி, முதலில் டெவன், பிறகு சென் கிளயர் என்று ஆளுக்கொரு செல்பி. "சேர், இதுக்கு ஏன் இங்கிலீஸ் பெயர்?" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

இவை தோட்டக்காலத்துப் பெயர்கள். வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் வந்தது, சில வருடங்களில் கோப்பி அழிந்தது. அதே மலைகளில் தேயிலை ஏறியது. 1885இல் நானுஓயா வரை ரயிலும் போனது. சென் கிளயர் என்ற பெயரில் தோட்டமும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. ஆனால் அந்த மலையைத் தேயிலை மலையாக்கியது தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் கை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயன்களில்தான் இருக்கிறார்கள். அருவியைப் படம் எடுக்கும் நாம் அந்தப் பக்கம் கெமராவைத் திருப்புவதில்லை.

இனித்தான் முக்கியமான விசயம். 80 மீற்றர் உயரத்திலிருந்து விழும் சென் கிளயர் கொத்மலை ஓயாவின் தண்ணீர். அருவிக்குச் சற்று மேலே, தலவாக்கலையில் அணை கட்டி, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் அந்தத் தண்ணீரை நியம்கம்தொர மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவோட், 2012இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆரம்பத் திட்டத்தில் டெவன், ரம்பொடைத் தண்ணீரையும் திருப்ப எண்ணினார்கள். மலையகத்திலும் சூழலியலாளர் மத்தியிலும் பலத்த எதிர்ப்பு வந்தது, அதைக் கைவிட்டார்கள். சென் கிளயருக்கு மட்டும் ஒரு உடன்பாடு: பகலில் பத்தரை மணித்தியாலம் தண்ணீர் திறந்து விட வேண்டும்.

நமது வீட்டு மின்விளக்கிலும் அந்தத் தண்ணீர் இருக்கிறது, அதனால் திட்டமே பிழை என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு எழும்பியதும், ஒரு ஆறு நேரசூசிக்கு ஓடுவதும் சின்ன விலையல்ல. டெவனுக்கு அந்த நிலை வரவில்லை. 97 மீற்றரிலிருந்து இரவும் விழுகிறது.

ஆகவே போகிறவர்கள் லுஹரைத் தொழுதுவிட்டு வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். மழையில்லாத மாதத்தில் மஃரிபுக்குப் பிறகு போனால் சென் கிளயரில் பெரும்பாலும் பாறைதான்.