கன்னடக் குணிதமும் தமிழ் ஆட்டமும்

'நாட்டுப்புற நடனம்' என்பது அண்மைக்காலத் தொகைப்பெயர். 1953இல் தில்லிக் குடியரசு நாள் விழாவையொட்டி நாட்டுப்புற நடன விழா தொடங்கியபின், பல மாநிலக் கலைகள் இப்பெயரின்கீழ் ஒருங்கே அரங்கேறின. ஆடுவோர் வழக்கிலோ ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு.

கன்னடத்தில் 'குணித' என்பது துள்ளி ஆடுதலைக் குறிக்கும். தமிழ்க் 'குனிப்பு' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இத்தொடர்களின் முதலுறுப்புப் பெரும்பாலும் ஏந்தும் பொருளைச் சுட்டும். பீரலிங்கேசுவரர் வழிபாட்டில் பெருமுரசு முழக்கி ஆடுவது 'டொள்ளு குணித'. வண்ணத்துணி சுற்றிய நெடுமூங்கில் ஏந்தி ஆடுவது 'பட குணித'. கதை தழுவிய நிகழ்த்துகலை 'ஆட்ட' எனப்படும். திறந்தவெளியில் நிகழும் 'பயலாட்ட' இதற்குச் சான்று; இதன் முதலுறுப்பு தமிழ் 'வயல்' என்பதன் இனச்சொல்.

தமிழில் நிலை வேறு. கரகாட்டம், காவடியாட்டம் என ஏந்தும் பொருளோடு சேர்வது 'ஆட்டம்'. சிலப்பதிகாரத்தில் ஆடல்வகை பலவற்றையும் தழுவிய 'கூத்து', பின்னர்த் தெருக்கூத்தில் கதை நிகழ்த்தலைக் குறித்தது. ஆகவே 'குணித' தமிழில் ஆட்டம். 'ஆட்ட' பெரும்பான்மையும் கூத்து. கோலாட்டம் போன்றவை இருமொழிக்கும் பொதுவாதலின் விலக்காகும்.

இனச்சொல் ஒப்புமையை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை மாற்றிவிடும். அனைத்தையும் 'நடனம்' என்பதோ முரசையும் வழிபாட்டையும் கதையையும் ஒருசேர மறைத்துவிடும். மூலப்பெயரை நிறுத்தி விளக்கம் தருவதே தக்க நெறி.