தொற்றுநோயும் ஜனாதிபதித் தேர்தலும்: 2020 உணர்த்தும் பாடம்

பெருந்தொற்று ஒன்று பரவும் வேளையில் தேர்தலொன்று வருமாயின், ஆட்சியிலிருப்போர் தோற்பர் என்றே பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றது. நோயால் மாண்டோரின் எண்ணிக்கையே வாக்குகளின் போக்கைத் தீர்மானிக்கும் என்ற கணிப்பும் கூறப்படுவதுண்டு. ஆனால், கொவிட்-19 தொற்றின் மத்தியில் 2020 ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தல்களை நோக்குமிடத்து, நிலைமை அவ்வளவு எளிதானதல்ல என்பது புலனாகின்றது. அவ்வாண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்காவில் முதலாவது தொற்றாளர் 2020 ஜனவரியில் இனங்காணப்பட்டார். மார்ச் 13 ஆம் திகதி தேசிய அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அக்காலப்பகுதியில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பின் செல்வாக்கு வீழ்ச்சியடையவில்லை. கெலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அவருக்கான ஆதரவு 49 வீதமாக உயர்ந்திருந்தது. ஆபத்து வேளையில் மக்கள் முதலில் தலைமையைச் சுற்றி அணிதிரள்வது எந்நாட்டிலும் காணக்கூடிய இயல்பேயாகும். எனினும், அந்த ஆதரவு நீடிக்கவில்லை. பெப்ரவரியில் 3.5 வீதமாக இருந்த வேலையின்மை ஏப்ரலில் 14 வீதத்தைத் தாண்டியது. நோயின் பாரதூரத்தைத் தாம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியதாக ஊடகவியலாளர் ஒருவரிடம் ட்ரம்ப் கூறியிருந்தமை செப்டெம்பரில் வெளியானது. ஒக்டோபர் ஆரம்பத்தில் அவரே தொற்றுக்குள்ளாகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். வாக்களிப்பு நடைபெற்ற நவம்பர் 3 ஆம் திகதியளவில் இறந்தோர் தொகை சுமார் 2 இலட்சத்து 30 ஆயிரமாக இருந்தது.

இத்தனைக்குப் பின்னரும் ட்ரம்ப் 7 கோடியே 40 இலட்சத்திற்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். 2016 இல் அவர் பெற்றதை விட இது ஒரு கோடிக்கும் மேல் அதிகமாகும். ஜோ பைடன் 8 கோடியே 10 இலட்சத்திற்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று வெற்றியீட்டினார். ஆனால், தேர்வாளர் குழு முறையின் கீழ் அந்த வெற்றி மெல்லிய நூலிலேயே தொங்கியது. அரிசோனா, ஜோர்ஜியா, விஸ்கொன்சின் ஆகிய மூன்று மாநிலங்களிலும் இருவருக்குமிடையிலான வாக்கு வித்தியாசம் மொத்தமாக 43 ஆயிரத்திற்கும் குறைவாகும். அம்மூன்றும் மறுபக்கம் சாய்ந்திருப்பின், இருவரும் தலா 269 வாக்குகளுடன் சமநிலையில் நின்றிருப்பர்.

இதற்கான காரணம் வாக்களித்து வெளியேறியோரிடம் நடத்தப்பட்ட கணிப்பில் தெரிகின்றது. கொரோனாவே தலையாய பிரச்சினை எனக் கூறியோரில் மிகப் பெரும்பான்மையினர் பைடனையும், பொருளாதாரமே தலையாயது எனக் கூறியோரில் மிகப் பெரும்பான்மையினர் ட்ரம்பையும் ஆதரித்திருந்தனர். ஒரே நோயை இரு தரப்பினர் இரு வேறு கண்களால் பார்த்தனர் எனலாம். ஏற்கனவே பிளவுண்ட சமூகத்தை நோய் ஒன்றிணைக்கவில்லை. முகக்கவசம் அணிவது கூடக் கட்சி அடையாளமாகியது.

நோயின் உண்மையான தாக்கம் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. அது வாக்களிக்கும் முறையிலாகும். விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏப்ரல் 7 ஆம் திகதி நடைபெற்ற ஆரம்பநிலைத் தேர்தலை ஒத்திவைக்க ஆளுநர் முயன்றார். வாக்களிப்புக்கு முதல் நாள் மாநில உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மில்வோக்கி நகரில் வழமையாக இயங்கும் சுமார் 180 வாக்களிப்பு நிலையங்களுக்குப் பதிலாக ஐந்து மாத்திரமே திறக்கப்பட்டன. உயிரா, வாக்கா என்ற கேள்வியுடன் மக்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர்.

நவம்பர் தேர்தலில் தபால் மூல வாக்களிப்பு இதற்குத் தீர்வாக விரிவுபடுத்தப்பட்டது. வாக்காளரில் சுமார் 43 வீதத்தினர் தபால் மூலம் வாக்களித்தனர். 2016 இல் இது 21 வீதமாகவே இருந்தது. வாக்களித்தோரின் வீதம் ஒரு நூற்றாண்டில் காணப்படாத அளவுக்கு உயர்ந்தது. இதுவரை நல்லதே. ஆனால், தபால் வாக்கு மோசடிக்கு வழிவகுக்கும் என ட்ரம்ப் தேர்தலுக்கு முன்னரே தொடர்ந்து கூறி வந்தமையால், அவரது ஆதரவாளர்களில் அதிகமானோர் நேரில் வாக்களித்தனர்; பைடன் ஆதரவாளர்களில் அதிகமானோர் தபாலை நாடினர். பென்சில்வேனியாவின் சட்டமோ தேர்தல் தினத்தன்று காலை வரை தபால் வாக்கு உறைகளைத் திறக்க இடமளிக்கவில்லை. எனவே, முதலாம் நாள் இரவு ட்ரம்ப் முன்னிலையில் இருப்பதாகத் தோன்றியது. தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ண நிலைமை மாறியது. நான்கு நாட்களின் பின்னரே வெற்றியாளர் யாரென்பது தெளிவாகியது. அந்த நான்கு நாட்களின் இடைவெளியில் ஐயம் வேரூன்றியது. 60 இற்கும் மேற்பட்ட வழக்குகள் தோல்வியடைந்த பின்னரும் அது அகலவில்லை. 2021 ஜனவரி 6 ஆம் திகதி நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டமை அதன் விளைவேயாகும்.

போலந்தின் அனுபவமும் இதையே கூறுகின்றது. அங்கு 2020 மே 10 ஆம் திகதி நடைபெறவிருந்த ஜனாதிபதித் தேர்தலை முற்றாகத் தபால் மூலம் நடத்த ஆளுங்கட்சி இறுதி வேளையில் முற்பட்டது. உரிய சட்டம் நிறைவேறு முன்னரே வாக்குச்சீட்டுகள் அச்சிடப்பட்டன. குறித்த தினத்தில் வாக்களிப்பு நிலையங்கள் மூடியே கிடந்தன. ஜூன், ஜூலை மாதங்களில் இரு சுற்றுகளாக நடந்த தேர்தலில் பதவியிலிருந்த ஜனாதிபதி அன்ட்ரே டூடா சுமார் 51 வீத வாக்குகளுடன் வெற்றி பெற்றார். நோய் அங்கு ஆட்சியை மாற்றவில்லை. தேர்தல் விதிகளின் மீதான நம்பிக்கையையே குலைத்தது.

இலங்கையிலும் அவ்வாண்டே பொதுத் தேர்தல் நடைபெற்றது. மார்ச் 2 ஆம் திகதி கலைக்கப்பட்ட பாராளுமன்றத்திற்கான தேர்தல் ஏப்ரல் 25 இலிருந்து ஜூன் 20 இற்கும், பின்னர் ஓகஸ்ட் 5 இற்கும் பிற்போடப்பட்டது. ஐந்து மாதங்களுக்கும் மேலாக நாடு பாராளுமன்றமின்றி இருந்தது. முதலாவது அலை கட்டுப்படுத்தப்பட்டிருந்த வேளையில் நடந்த அத்தேர்தலில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் கட்சி 145 ஆசனங்களைக் கைப்பற்றியது. அமெரிக்காவில் ஆட்சியைத் தடுமாற வைத்த அதே நோய் இங்கு ஆட்சியைப் பலப்படுத்தியது.

ஆனால், அந்தப் பலத்திற்கு விலை செலுத்தியோரை நாம் மறக்கலாகாது. தொற்றால் இறந்தோரை நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் உறவினரின் கண்ணீருக்கு மத்தியில் எரிக்கப்பட்டன. அக்கொள்கை 2021 பெப்ரவரியிலேயே கைவிடப்பட்டது. 2024 ஜூலையிலேயே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அமெரிக்காவிலும் நோய்க்குச் சீனாவின் பெயரைச் சூட்டிய பேச்சுக்கள் தேர்தல் மேடைகளில் ஒலிக்க, ஆசிய வம்சாவளியினர் வீதிகளில் அவமதிக்கப்பட்டனர். நோய்க்காலத் தேர்தல்களில் பெரும்பான்மையின் அச்சத்திற்கு வடிகாலாகச் சிறுபான்மையினர் காட்டப்படும் அபாயம் எப்போதும் உண்டு.

மேலும், நோயின் அரசியல் விளைவு ஒரு தேர்தலோடு முடிவதுமில்லை. தொற்றுக்குப் பிந்திய விலைவாசி உயர்வு 2022 ஜூனில் அமெரிக்காவில் 9.1 வீதத்தை எட்டியது. 2024 நவம்பரில் ட்ரம்ப் மீண்டும் வெற்றி பெற்றமைக்கு அந்தச் சுமை முக்கிய காரணமாகியது. இலங்கையில் வரிக் குறைப்பும் கடன் சுமையும் ஏற்கனவே பலவீனப்படுத்தியிருந்த பொருளாதாரத்திலிருந்து உல்லாசப் பிரயாண வருமானத்தையும் தொற்று பறித்தது. 145 ஆசனங்களின் வெற்றிக்கு இரண்டு ஆண்டுகள் நிறைவடைய முன்னரே, 2022 ஜூலையில், ஜனாதிபதி பதவி விலக நேர்ந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றேயாகும். நோய் யாரை வெல்ல வைக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது. ஆனால், வாக்களிக்கும் முறையை நோய் தாக்கும் என்பது நிச்சயம். இலங்கையில் தபால் மூல வாக்களிப்பு பிரதானமாகக் கடமையிலுள்ள அரச ஊழியருக்கே உரியதாக உள்ளது. தனிமைப்படுத்தப்பட்டோர், நோயாளர், முதியோர் ஆகியோர் எவ்வாறு வாக்களிப்பது, தேர்தலை எவ்வளவு காலத்திற்குப் பிற்போடலாம், அக்காலத்தில் ஆட்சியைக் கேள்வி கேட்பது யார் என்பன, அடுத்த தொற்று வருமுன்னரே அனைத்துக் கட்சிகளின் இணக்கத்துடன் சட்டமாக்கப்பட வேண்டும். நோய் வந்த பின் எழுதப்படும் விதி, எவ்வளவு நியாயமானதாயினும், தோற்றவரின் கண்ணுக்குச் சூழ்ச்சியாகவே தெரியும்.